துன்ப வேளையில் பிரார்த்தனை: கெத்செமனே கற்பிக்கும் பாடம்

தம்மை வழிபடும் நல்லோர் நான்கு வகையினர் என்று பகவத்கீதையின் 7-ஆம் அத்தியாயத்தில் பகவான் அருளுகிறார். துன்புற்றவன், அறிய விரும்புபவன், பொருளை நாடுபவன், ஞானி என்னும் அந்த வரிசையில் துன்புற்றவனே முதலில் வைக்கப்பட்டிருக்கிறான். அவனை ‘ஆர்த்தன்’ என்று கீதை அழைக்கிறது. ஞானியே உயர்ந்தவன் எனினும், ஆர்த்தனையும் உதார குணம் உடையவன் என்றே பகவான் ஏற்றுக்கொள்கிறார். ஆகவே, துன்பம் வந்தபோது கடவுளை நினைப்பதில் வெட்கப்படுவதற்கு ஏதுமில்லை.

நோயுற்ற குழந்தையின் படுக்கையருகே, மருத்துவமனை வராந்தாவில், கடன் சுமை உறக்கத்தைப் பறிக்கும் நள்ளிரவில், அதுவரை கைகூப்பாதவனும் கைகூப்புகிறான். ஆனால் அத்தகைய வேளையின் பிரார்த்தனைக்கு இரண்டு ஆபத்துகள் உண்டு. ஒன்று, பிரார்த்தனை கட்டளையாக மாறிவிடுவது. ‘இத்தனை ஆண்டுகள் உன்னை நம்பினேன், ஆகவே நீ இதைச் செய்தே தீர வேண்டும்’ என்று மனம் வழக்காடுகிறது. மற்றொன்று, பிரார்த்தனை சோர்வாக மாறிவிடுவது. ‘என்னைப் போன்றவனுக்கு யார் செவிசாய்க்கப் போகிறார்கள்?’ என்று மனம் சுருண்டுகொள்கிறது. முதலாவதில் நம்பிக்கை இருக்கிறது, பணிவு இல்லை. இரண்டாவதில் பணிவைப் போன்ற ஒன்று இருக்கிறது, நம்பிக்கை இல்லை.

இவ்விரண்டும் ஒன்றோடொன்று இணைந்தால் பிரார்த்தனை எவ்வாறு இருக்கும்? கிறிஸ்தவ மரபு இந்தக் கேள்விக்குத் தன் மையமான விடையை ஓர் இரவில், ஒரு தோட்டத்தில் காண்கிறது.

இந்த மரபு ஸ்ரீராமகிருஷ்ண பக்தர்களுக்கு அந்நியமானது அன்று. 1886 ஆகஸ்ட் 16-ஆம் நாள் ஸ்ரீராமகிருஷ்ணர் மகாசமாதி அடைந்தார். நான்கு மாதங்கள் கழித்து, அதே ஆண்டு டிசம்பர் 24-ஆம் நாள் இரவு, குருவை இழந்த இளஞ்சீடர்கள் ஆண்ட்பூர் கிராமத்தில் துனி வளர்த்து அமர்ந்திருந்தபோது, நரேந்திரர் அவர்களுக்கு இயேசுநாதரின் வாழ்வையே எடுத்துரைத்தார். அவர்கள் துறவு பூணச் சங்கற்பம் செய்துகொண்ட அந்த இரவு கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு என்பது பின்னரே அவர்கள் நினைவுக்கு வந்தது. பரிவிராஜகராகச் சுற்றித் திரிந்த காலத்தில் சுவாமி விவேகானந்தர் கீதையோடு தம்முடன் வைத்திருந்த நூல், தாமஸ் ஆ கெம்பிஸின் ‘கிறிஸ்துவைப் பின்பற்றுதல்’. அதன் சில அத்தியாயங்களை அவர் 1889-இல் வங்காளத்தில் மொழிபெயர்த்து, ஒரு முன்னுரையும் எழுதினார். பணிவு, துயருற்ற ஆன்மாவின் ஏக்கம், தாஸ்ய பக்தி ஆகியவை அந்நூலெங்கும் பதிந்திருப்பதை அம்முன்னுரையில் சுட்டிக்காட்டினார். அந்தப் பணிவும் ஏக்கமும் பிறக்கும் ஊற்றுதான் கெத்செமனே.

ஒலிவ மலையில் ஓர் இரவு

எருசலேம் நகரின் கிழக்கே கெதரோன் பள்ளத்தாக்கைக் கடந்தால் ஒலிவ மலையின் அடிவாரம் வருகிறது. அங்கே இருந்தது கெத்செமனே. அச்சொல்லுக்கு எண்ணெய்ச் செக்கு என்று பொருள். ஒலிவக் காய்களை நசுக்கி எண்ணெய் எடுத்த இடம் அது.

பாஸ்கா விருந்தை முடித்துக்கொண்டு இயேசுநாதர் தம் சீடர்களுடன் அங்கே வருகிறார். தம்மைக் காட்டிக்கொடுக்கப் போகிறவன் ஏற்கெனவே புறப்பட்டுப் போய்விட்டான் என்பதை அவர் அறிவார். மலையைத் தாண்டினால் கிழக்கே யூதேயப் பாலைவனம். விரும்பியிருந்தால் இருளில் மறைந்துபோக வழி இருந்தது. அவர் போகவில்லை. பேதுரு, யாக்கோபு, யோவான் ஆகிய மூவரை மட்டும் உடன் அழைத்துச் செல்கிறார். தம் உள்ளம் சாவுக்கு ஏதுவான துயரத்தில் இருப்பதாக அவர்களிடம் மறைக்காமல் சொல்கிறார். தம்மோடு விழித்திருக்கும்படி கேட்டுக்கொள்கிறார். சற்று அப்பால் சென்று தரையில் முகங்குப்புற விழுகிறார்.

அவதார புருஷர் என்று உலகம் வணங்கும் ஒருவர் அஞ்சி நடுங்கினார் என்று எழுதிவைக்க நற்செய்தியாளர்கள் தயங்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது. பின்னால் வந்த எந்தப் பக்தனும், ‘நடுக்கம் வந்துவிட்டதே, எனக்கு நம்பிக்கை இல்லையோ?’ என்று தன்னை வருத்திக்கொள்ளாதிருக்க இந்த ஒரு காட்சி போதும். நம்பிக்கை என்பது அச்சமே இல்லாத நிலை அன்று. அச்சத்தையும் எடுத்துக்கொண்டு இறைவனிடம் செல்வது.

தரையில் விழுந்த அவர் இறைவனை அழைத்த சொல் ‘அப்பா’ என்பது. மாற்கு நற்செய்தி அந்த அரமேயச் சொல்லை மாற்றாமல் அப்படியே காத்து வைத்திருக்கிறது. தமிழ்ச் செவிக்கு மொழிபெயர்ப்பே தேவைப்படாத சொல் அது. அப்பாவால் எல்லாம் இயலும் என்று முதலில் அறிக்கையிடுகிறார். துன்பமாகிய அந்தக் கிண்ணத்தைத் தம்மிடமிருந்து அகற்றிவிடும்படி அடுத்துக் கேட்கிறார். ஆயினும் தம் விருப்பப்படி அன்று, அவருடைய விருப்பப்படியே ஆகட்டும் என்று முடிக்கிறார். எல்லாம் வல்லவர் என்பது நம்பிக்கை. அகற்றும் என்பது வேண்டுதல். உம் விருப்பப்படி என்பது பணிவு. மூன்றும் ஒரே மூச்சில் வருகின்றன. எந்த ஒன்றும் மற்றொன்றை அழிக்கவில்லை.

மூன்று முறை செய்த பிரார்த்தனை

மத்தேயு நற்செய்தியின் 26-ஆம் அத்தியாயத்தை நிதானமாகப் படிப்பவர் நுட்பமான ஒரு மாற்றத்தைக் காணலாம். இயேசுநாதர் அன்றிரவு ஒருமுறை அல்ல, மும்முறை பிரார்த்தனை செய்கிறார். முதல் முறை, கூடுமானால் இந்தக் கிண்ணம் நீங்கட்டும் என்று கேட்கிறார். இரண்டாம் முறை, தாம் பருகாமல் இது நீங்காது எனில் தந்தையின் சித்தமே ஆகட்டும் என்கிறார். இடையில் வானம் திறக்கவில்லை. அசரீரி எதுவும் கேட்கவில்லை. நண்பர்களைத் தேடிச் சென்றார், அவர்கள் உறங்கிக்கொண்டிருந்தார்கள், அவ்வளவே நிகழ்ந்தது. வெளியே எதுவும் மாறாத அந்த இடைவேளையில், பிரார்த்தனை செய்தவரின் உள்ளம் ‘கூடுமானால்’ என்பதிலிருந்து ‘அவ்வாறே ஆகட்டும்’ என்பதை நோக்கி நகர்கிறது. மூன்றாம் முறையும் அதே வார்த்தைகளைச் சொல்லிப் பிரார்த்திக்கிறார்.

சரணாகதி என்பது ஒரே தாவலில் அடையும் நிலை அன்று என்பதை இது காட்டுகிறது. ஒரு வேண்டுதலை மீண்டும் மீண்டும் இறைவன்முன் வைப்பது நம்பிக்கைக் குறைவு என்று சிலர் எண்ணுகிறார்கள். கெத்செமனே அவ்வாறு கூறவில்லை. திரும்பத் திரும்பச் சொல்லும்போது இறைவனுக்குச் செய்தி சேர்கிறதோ இல்லையோ, சொல்பவனின் பிடி தளர்கிறது.

இரண்டாம் முறை அவர் கூறிய வார்த்தைகளுக்கு ஒரு வரலாறு உண்டு. மலைப் பிரசங்கத்தின்போது சீடர்களுக்கு அவர் கற்றுக்கொடுத்த பிரார்த்தனையிலும், இறைவனின் சித்தம் நிறைவேறட்டும் என்ற அதே வாக்கியம் வருகிறது. கிரேக்க மூலத்தில் இரண்டு இடங்களிலும் சொற்கள் ஒன்றே. அமைதியான நாட்களில் மலைச்சரிவில் கற்பித்த வார்த்தை, நெருக்கடியின் இரவில் அவருடைய உதடுகளுக்கு வந்து சேர்ந்தது. அவர் தம் வழக்கப்படியே ஒலிவ மலைக்குச் சென்றார் என்று லூக்கா குறிப்பிடுவதையும் இங்கே இணைத்துப் பார்க்க வேண்டும். அந்த இடம் புதியது அன்று. அந்தச் சொல்லும் புதியது அன்று. வெள்ளம் வந்தபின் கரை கட்ட இயலாது. துன்ப காலத்தின் பிரார்த்தனை சாதாரண நாட்களில்தான் உருவாகிறது.

கேட்கப்பட்டது, தரப்படவில்லை

கிண்ணம் அகலவில்லை. மறுநாள் சிலுவை. அப்படியானால் அந்தப் பிரார்த்தனை வீணா? எந்தக் கிறிஸ்தவரும், ஏன், எந்தப் பக்தரும் தப்ப முடியாத கேள்வி இது.

புதிய ஏற்பாட்டில் எபிரெயருக்கு எழுதப்பட்ட நிருபம் வியப்பூட்டும் ஒரு செய்தியைத் தருகிறது. தம்மைச் சாவிலிருந்து காக்க வல்லவரை நோக்கி இயேசுநாதர் கண்ணீரோடும் உரத்த குரலோடும் வேண்டினார் என்றும், அவருடைய பயபக்தியின் காரணமாக அவ்வேண்டுதல் கேட்கப்பட்டது என்றும் அதன் 5-ஆம் அத்தியாயம் கூறுகிறது. சிலுவையில் இறந்தவரின் பிரார்த்தனை ‘கேட்கப்பட்டது’ என்கிறார் நிருபத்தை எழுதியவர். கேட்கப்படுதல் வேறு, கேட்டதைப் பெறுதல் வேறு என்ற தெளிவு இல்லாமல் இவ்வாறு எழுத முடியாது.

கேட்கப்பட்டதன் அடையாளம் எங்கே? நடுங்கித் தரையில் விழுந்தவர் பிரார்த்தனைக்குப் பின் எழுந்து நின்ற விதத்தில் இருக்கிறது. உறங்கிய சீடர்களை எழுப்பி, எழுந்திருங்கள், போவோம் என்கிறார். தீவட்டிகளோடு வந்த கூட்டத்தின்முன் தாமே வெளியே வந்து, யாரைத் தேடுகிறீர்கள் என்று வினவுகிறார். கிண்ணம் அப்படியே இருந்தது. அதை ஏந்தும் கை உறுதி பெற்றுவிட்டது.

இதற்கு இணையான ஒரு நிகழ்ச்சி காசிப்பூர்த் தோட்டத்தில் நடந்தது. தொண்டைப் புற்றுநோயால் உணவு இறங்காமல் ஸ்ரீராமகிருஷ்ணர் வாடிய நாட்களில், உடல் குணமாக அன்னையிடம் வேண்டும்படி நரேந்திரரும் பிறரும் மன்றாடினார்கள். முதலில் மறுத்த குருதேவர், அவர்களுக்காக அன்னையிடம் சென்றார். சிறிதளவாவது உண்ண வழி செய்யுமாறு கேட்டார். இத்தனை பேருடைய வாய்களால் அவர் உண்டுகொண்டுதானே இருக்கிறார் என்று அன்னை அங்கிருந்த சீடர்கள் அனைவரையும் காட்டினாள். அதன்பின் குருதேவர் வேறெதுவும் கேட்கவில்லை. நோய் தீரவில்லை. ஆனால் அன்று அந்தச் சீடர்கள் பெற்ற பாடம் அவர்களுடைய வாழ்நாள் முழுவதற்கும் போதுமானதாக இருந்தது.

மனித விருப்பத்துக்கு இடம் உண்டா?

தத்துவ நோக்குடைய வாசகருக்கு இங்கே ஓர் ஐயம் எழலாம். இறைவனின் சித்தத்துக்கு முழுவதும் பணிந்தவருக்குக் ‘கிண்ணத்தை அகற்றும்’ என்று கேட்கும் ஒரு தனி விருப்பம் எப்படி இருக்க முடியும்?

7-ஆம் நூற்றாண்டில் இந்தக் கேள்வி பைசாந்தியப் பேரரசையே உலுக்கியது. கிறிஸ்துவுக்கு ஒரே ஒரு சித்தம்தான் இருந்தது என்ற கொள்கையைப் பேரரசர்கள் அரசியல் ஒற்றுமைக்காக ஆதரித்தார்கள். மாக்சிமஸ் என்னும் துறவி அதை ஏற்க மறுத்தார். அவர் சான்றாக எடுத்துக்கொண்டது கெத்செமனேயைத்தான். மரணத்தைக் கண்டு கூசுவது மனித இயல்பின் குற்றமற்ற அசைவு; கிறிஸ்துவிடம் அந்த மனிதச் சித்தம் உண்மையாகவே இருந்தது; அது அழிக்கப்படவில்லை, மனமுவந்து இறைச்சித்தத்தோடு இசைந்தது என்று அவர் வாதிட்டார். அதற்காக 662-இல் அவருடைய நாவும் வலக்கரமும் துண்டிக்கப்பட்டன. நாடு கடத்தப்பட்டு அதே ஆண்டில் அவர் மறைந்தார். 680, 681-ஆம் ஆண்டுகளில் கான்ஸ்டான்டிநோபிளில் கூடிய திருச்சபைப் பொதுச்சங்கம் அவருடைய கொள்கையையே உறுதி செய்தது.

இது வெறும் சொற்போர் அன்று. இதன் நடைமுறைப் பொருள் மிகப் பெரிது. பணிவு என்பது விருப்பமே இல்லாதவன்போல் நடிப்பது அன்று. மகன் பிழைக்க வேண்டும் என்று விரும்பும் தாய், ‘எது நடந்தாலும் எனக்கு ஒன்றுதான்’ என்று இறைவன்முன் சொன்னால் அது பணிவு ஆகாது, பொய்யாகும். விருப்பத்தை உள்ளபடி சொல்லி, பிறகு அதை இறைவன் கையில் வைப்பதே பணிவு. காணிக்கையாக வைக்க முதலில் கையில் ஏதேனும் இருக்க வேண்டும் அல்லவா?

பேதுருவின் உறுதிமொழி

அதே இரவில் மற்றொருவரின் கதையும் நடக்கிறது. எல்லோரும் விட்டுச் சென்றாலும் தாம் மட்டும் விட்டுச் செல்வதில்லை, சாக நேரிட்டாலும் மறுதலிப்பதில்லை என்று பேதுரு உறுதி கூறியிருந்தார். அவர் பொய் சொல்லவில்லை, மனமாரச் சொன்னார். தோட்டத்தில் அவர் உறங்கினார். சில மணி நேரத்துக்குப் பின் தலைமைக் குருவின் முற்றத்தில், ஒரு பணிப்பெண்ணின் கேள்விக்கு அஞ்சி, அந்த மனிதரை அறியேன் என்றார். சேவல் கூவுமுன் மூன்று முறை மறுத்தார்.

ஒருவர் தம் துயரத்தை ஒப்புக்கொண்டு மும்முறை பிரார்த்தித்தார். மற்றவர் தம் வலிமையை நம்பி உறங்கி, மும்முறை மறுதலித்தார். பேதுருவிடம் நம்பிக்கை இருந்தது. ஆனால் அது இறைவன்மீது கொண்ட நம்பிக்கையா, தம் நம்பிக்கையின்மீதே கொண்ட நம்பிக்கையா என்பதை நெருக்கடி பிரித்துக் காட்டிவிட்டது. முன்பு ஒருமுறை கடலில் மூழ்கத் தொடங்கியபோது, காப்பாற்றும் என்று அலறினார் அவர். நீட்டிய கை உடனே அவரைப் பிடித்துக்கொண்டது. அன்று அலறத் தெரிந்தவர் இன்று சூளுரைத்தார்.

எனினும் கதை வீழ்ச்சியோடு முடியவில்லை. பேதுருவின் நம்பிக்கை அற்றுப்போகாதிருக்கத் தாம் ஏற்கெனவே வேண்டிக்கொண்டதாக இயேசுநாதர் அவரிடம் முன்பே கூறியிருந்தார் என்கிறார் லூக்கா. மறுதலித்தபின் வெளியே சென்று பேதுரு மனங்கசந்து அழுதார். தம்மைப் பற்றிய பெருமிதம் அந்தக் கண்ணீரில் கரைந்தது. பின்னாளில் பிறரைத் தாங்கும் தூணாக அவரை ஆக்கியது அந்தக் கண்ணீர்தான்.

தகுதியைப் பேசாத மூவர்

நற்செய்திகளில் நெருக்கடியோடு இயேசுநாதரிடம் வந்த எளிய மனிதர்கள் பலர். அவர்களில் மூவரைப் பார்த்தால் பணிவும் நம்பிக்கையும் எவ்வாறு கைகோக்கின்றன என்பது விளங்கும்.

முதலாமவர் கப்பர்நகூமில் இருந்த நூற்றுவர் தலைவர். உரோமைப் படை அதிகாரி. அவருடைய பணியாளன் சாகும் தறுவாயில் இருந்தான். ஊர்ப் பெரியவர்கள் இயேசுநாதரிடம் வந்து, இவர் தகுதியுள்ளவர், எங்களுக்குத் தொழுகைக்கூடம் கட்டித் தந்தவர் என்று பரிந்துரைத்தார்கள். அந்த அதிகாரியோ, தம் வீட்டுக்குள் அவர் வருவதற்கும் தாம் தகுதியற்றவர் என்று சொல்லி அனுப்பினார். ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றார். ஊரார் அவருடைய தகுதியைப் பேசினார்கள். அவர் இறைவார்த்தையின் ஆற்றலைப் பேசினார். இஸ்ரவேலிலும் இத்தகைய நம்பிக்கையைக் கண்டதில்லை என்று இயேசுநாதர் வியந்தார். அந்த அந்நியரின் விண்ணப்பத்தைத் தழுவிய வார்த்தைகளை இன்றும் கத்தோலிக்கர்கள் நற்கருணை பெறுமுன் சொல்கிறார்கள்.

இரண்டாமவர் ஒரு தந்தை. சிறுவயது முதல் வலிப்பினால் நெருப்பிலும் நீரிலும் விழும் மகனை அழைத்து வந்தவர். சீடர்களால் குணமாக்க முடியவில்லை. நம்பிக்கை பற்றி இயேசுநாதர் கேட்டபோது, நம்புகிறேன் என்று கதறிய அவர், தம் நம்பிக்கையின்மையைப் போக்க உதவும்படியும் அதே மூச்சில் வேண்டினார். நம்பிக்கையே போதவில்லை என்பதையும் பிரார்த்தனையாக்கிவிட்டார் அவர். மகன் குணமானான். முழுமையான நம்பிக்கை வந்தபின் பிரார்த்திக்கலாம் என்று காத்திருப்பவர்களுக்கு இத்தந்தையே குரு.

மூன்றாமவர் தீரு, சீதோன் பகுதியைச் சேர்ந்த கானானியத் தாய். மகளுக்காக அவள் கதறியபோது முதலில் கிடைத்தது மௌனம். பின்னர்ச் சீடர்களின் எரிச்சல். அதன்பின், பிள்ளைகளின் அப்பத்தை நாய்களுக்குப் போடுவது தகாது என்ற கடுஞ்சொல். உரையாசிரியர்களை இன்றுவரை தடுமாறச் செய்யும் சொல் அது. அந்தத் தாய் அச்சொல்லைக் கேட்டுத் திரும்பிச் செல்லவில்லை, சினக்கவும் இல்லை. எஜமானரின் மேசையிலிருந்து விழும் துணுக்குகளை நாய்களும் தின்னுமே என்று அச்சொல்லையே தன் வாதமாக்கினாள். இயேசுநாதர் அவளுடைய நம்பிக்கை பெரிது என்றார், மகள் நலமடைந்தாள். பணிவு என்பது வாயடைத்துப்போவது அன்று என்பதற்கு இவளே சான்று. தனக்கு உரிமை இருக்கிறது என்று அவள் வாதாடவில்லை. அவரிடம் அருள் மிகுந்திருக்கிறது என்று வாதாடினாள்.

சிறையில் எழுதிய பிரார்த்தனை

இவையெல்லாம் பழங்கதைகள் என்று எண்ணுவோருக்கு 20-ஆம் நூற்றாண்டு ஒரு சாட்சியைத் தந்திருக்கிறது. டீட்ரிக் போன்ஹோஃபர் ஜெர்மானிய லூத்தரன் போதகர், இறையியல் அறிஞர். அகிம்சை வழியை நேரில் கற்க இந்தியாவுக்கு வர விரும்பியவர். 1934-இல் மகாத்மா காந்தி அவரைத் தம் ஆசிரமத்துக்கு வருமாறு கடிதமும் எழுதினார். ஆனால் இளம் போதகர்களைப் பயிற்றுவிக்கும் பொறுப்பை ஏற்றதால் அந்தப் பயணம் நிகழவில்லை. ஹிட்லரின் ஆட்சியை எதிர்த்த அவர் 1943 ஏப்ரல் 5-ஆம் நாள் கைதாகி, பெர்லின் நகரின் டேகல் இராணுவச் சிறையில் அடைக்கப்பட்டார்.

அந்த ஆண்டு கிறிஸ்துமஸுக்காகச் சக கைதிகளுக்கென்று அவர் சில பிரார்த்தனைகளை எழுதினார்: காலைக்கு ஒன்று, மாலைக்கு ஒன்று, கடும் இடர் வேளைக்கு ஒன்று. காலைப் பிரார்த்தனையின் போக்கு எளிமையானது. பிரார்த்திப்பவன் தன்னிடம் இல்லாததையும் இறைவனிடம் இருப்பதையும் வரிக்கு வரி அருகருகே வைக்கிறான். தன் இருளுக்கு எதிரே அவருடைய ஒளி. தன் அமைதியின்மைக்கு எதிரே அவருடைய அமைதி. வெற்று நம்பிக்கை வார்த்தைகள் அதில் இல்லை. வழி புரியவில்லை என்பதை ஒளிக்காமல், வழியை அறிந்தவரிடம் ஒப்படைக்கும் பிரார்த்தனை அது.

1944-இல் ‘நான் யார்?’ என்ற தலைப்பில் அவர் ஒரு கவிதை எழுதினார். சிறையில் பிறர் காணும் நிதானமான மனிதனா தான், அல்லது உள்ளுக்குள் ஏங்கித் தவித்துக் களைத்துப்போன மனிதனா என்று அதில் தன்னையே கேட்கிறார். ரமண மகரிஷியின் விசாரத்தை அறிந்த வாசகருக்குத் தலைப்பு பழகியதுதான், பாதை வேறு. மகரிஷி அக்கேள்வியால் ‘நான்’ எழும் மூலத்தைத் தேடச் சொல்கிறார். போன்ஹோஃபர் விடை காண முடியாமல் நின்று, தான் எவனாயினும் இறைவனுக்கே உரியவன் என்ற சரணாகதியில் முடிக்கிறார். ஞானமும் பக்தியும் ஒரே வாசலில் நின்று வெவ்வேறு விதமாகக் கதவைத் தட்டுகின்றன.

1945 ஏப்ரல் 9-ஆம் நாள் ஃப்ளோசன்பூர்க் வதைமுகாமில் அவர் தூக்கிலிடப்பட்டார். வயது 39. இரண்டு வாரங்கள் கழித்து, ஏப்ரல் 23-ஆம் நாள், அமெரிக்கப் படைகள் அந்த முகாமை விடுவித்தன. இரண்டே வாரங்கள்! கிண்ணம் இங்கும் அகலவில்லை. ஆனால் அவர் எழுதிய பிரார்த்தனைகள் அந்தச் சிறைச் சுவர்களைத் தாண்டி இன்றும் பலருக்குத் துணையாக இருக்கின்றன.

தூக்குமேடை இல்லாமலும் இந்தச் சோதனை வரலாம். அன்னை தெரசாவின் தனிப்பட்ட கடிதங்கள் 2007-இல் நூலாக வெளிவந்தபோது உலகம் திகைத்தது. கல்கத்தாவின் சேரிகளில் தொண்டைத் தொடங்கிய காலம் முதல் பல பத்தாண்டுகள் இறைவனின் சாந்நித்தியத்தை உணராத வறட்சியில் அவர் வாழ்ந்திருக்கிறார். பிரார்த்தனையையும் அவர் விடவில்லை, தொண்டையும் விடவில்லை. உணர்ச்சி இல்லாதபோதும் தொடரும் பிரார்த்தனையில், நம்பிக்கை தன் கடைசி ஊன்றுகோலையும் விட்டுவிட்டு நிற்கிறது.

சாதகருக்குச் சில குறிப்புகள்

கெத்செமனேயின் பாடத்தை அன்றாட வாழ்வில் கொண்டுவர விரும்பும் சாதகர் சிலவற்றை மனத்தில் கொள்ளலாம்.

முதலாவது, நெருக்கடிக்குக் காத்திராமல் தினமும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் பிரார்த்திப்பது. வழக்கமான இடமும் வழக்கமான சொல்லும் இருந்தால், மனம் குழம்பிய நாளில் கால்களும் உதடுகளும் தாமே வழி அறியும்.

இரண்டாவது, மனத்தில் உள்ளதை அழகுபடுத்தாமல் சொல்வது. அச்சம் இருந்தால் அச்சம். விருப்பம் இருந்தால் விருப்பம். நம்பிக்கை குறைந்தால் அந்தக் குறை. கோயிலில் நிமிர்ந்து நின்று தன் நற்செயல்களைப் பட்டியலிட்ட பரிசேயனைவிட, மார்பில் அடித்துக்கொண்டு இரக்கம் வேண்டிய ஆயக்காரனே இறைவனுக்கு ஏற்றவனாக வீடு திரும்பினான் என்கிறது இயேசுநாதரின் உவமை.

மூன்றாவது, சொற்களைக் குறைப்பது. துன்ப வேளையில் நீண்ட தோத்திரங்கள் நினைவில் நிற்பதில்லை. அந்த ஆயக்காரனின் விண்ணப்பத்தை ஒட்டி எழுந்த ‘இயேசு பிரார்த்தனை’ என்னும் சிறு வாக்கியத்தைக் கீழைத் திருச்சபைத் துறவியர் மூச்சோடு இணைத்து ஓயாமல் சொல்கிறார்கள். ஜப சாதனையை அறிந்தவருக்கு இதை விளக்கத் தேவையில்லை. பூனைக்குட்டிக்கு ‘மியாவ்’ என்று கத்த மட்டுமே தெரியும். எங்கே வைப்பது என்பது தாயின் பொறுப்பு என்று குருதேவர் கூறுவார்.

நான்காவது, துணை நாடத் தயங்காதிருப்பது. தம்மோடு விழித்திருக்கும்படி இயேசுநாதரே நண்பர்களிடம் கேட்டார். அவர்கள் உறங்கினார்கள் என்பது வேறு. கேட்பதை அவர் இழிவாகக் கருதவில்லை என்பதே இங்கு முக்கியம். மருத்துவரை நாடுவதும் நண்பரின் தோளைத் தேடுவதும் நம்பிக்கைக்கு முரண் ஆகா.

ஐந்தாவது, பிரார்த்தனைக்குப் பின் எழுந்திருப்பது. எழுந்திருங்கள், போவோம் என்பதே அந்தத் தோட்டத்தில் அவர் கூறிய முடிவுரை. இறைவன் கையில் ஒப்படைத்தவன் கடமையைக் கைவிடுவதில்லை. விளைவு பற்றிய பதற்றத்தை மட்டுமே கைவிடுகிறான். கீதையின் கர்மயோகம் கூறுவதும் இதுவே.

நம்பிக்கை கைகளை நீட்டச் சொல்கிறது. பணிவு அவற்றைத் திறந்தே வைத்திருக்கச் சொல்கிறது. நீட்டாத கையில் எதுவும் விழாது. மூடிய கையிலும் எதுவும் விழாது. திறந்து நீட்டிய கையில் இறைவன் கேட்டதை வைக்கலாம், கேளாததை வைக்கலாம், சில வேளைகளில் அந்தக் கிண்ணத்தையே வைக்கலாம். எதை வைத்தாலும் அதை ஏந்தும் வலிமையையும் உடன் வைக்கிறார் என்பதே கெத்செமனேயிலிருந்து எழுந்து நடந்தவரின் சாட்சி. துன்பத்தில் கைகூப்பும் ஒவ்வோர் ஆர்த்தனுக்கும் அந்த வலிமை கிட்டுவதாக!